ஆடிப்பட்டம் யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேத்தியின் பாடப் புத்தகத்தில் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று இருக்கிறது. எனக்கு விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஆடியில் விதைத்ததில்லை. அடிக்கிற காற்றில் மண்ணே நிற்காது. பழமொழி பொய்யா, இல்லை எங்களுக்குத்தான் விவசாயம் தெரியவில்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

இரண்டும் இல்லை. அது உங்கள் ஊருக்குச் சொன்ன பழமொழி இல்லை, அவ்வளவுதான்.

காவிரிக் கரையில் ஆடியில் ஆறு பெருகி வரும். அந்தத் தண்ணீரில் சம்பாவுக்கு நாற்று விட்டால், ஐப்பசி அடைமழைக்குள் பயிர் வேர் பிடித்து நிற்கும். தையில் அறுப்பு. சேலம், தர்மபுரிப் பக்கம் மழையை மட்டும் நம்பும் மானாவாரி நிலக்கடலைக்கும் ஆடி சரிதான், தென்மேற்குப் பருவமழை அங்கே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். உங்கள் பக்கம் அந்த மழை மலைக்கு மேற்கேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது, காற்று மட்டும் வருகிறது. அதனால்தான் உங்களுக்குப் புரட்டாசிப் பட்டம், அதாவது புரட்டாசியில்தான் விதைப்புப் பருவம். அதிலும் ஐப்பசி மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கரிசல் ஒரு மழை குடித்துவிட்டால் காலிலும் கலப்பையிலும் அப்பிக்கொள்ளும். ஈரம் காயும்வரை காட்டுக்குள் இறங்க முடியாது, அதற்குள் பட்டம் தப்பிவிடும்.

டெல்டாவிலேயே ஆடி இப்போது அணையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது.

மழையையும் ஆற்றையும் நம்பிச் சொன்னவை அவை மாறினால் ஆட்டம் காணத்தான் செய்யும். பயிரை மட்டும் பார்த்துச் சொன்னவை அப்படியே நிற்கின்றன. 'நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் நடும்போது நடுவே நண்டு ஓடும் அளவு, வாழைக்கு வண்டி ஓடும் அளவு, தென்னைக்குத் தேர் ஓடும் அளவு இடம் விடு என்று அர்த்தம். தென்னைக்கு 25 அடி இடைவெளி என்று இன்று வேளாண் துறை சொல்வது இந்தத் தேரைத்தான். நன்கு வளர்ந்த மட்டை ஒன்று 15 அடிக்கு மேல் நீளும். 25 அடி விட்டாலே இரண்டு மரத்து மட்டையும் நடுவில் தொட்டுக்கொள்ளும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நெருக்கி நட்ட தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் தேடி மரம் ஒல்லியாக உயர்ந்துகொண்டே போகும், காய் பிடிக்காது. ஏறுகிறவருக்குக் கூலி மட்டும் கூடும்! எந்த மண்ணில் நட்டாலும் மட்டையின் நீளம் அதுதானே.

ஆகவே பேத்தி படிக்கட்டும். கூடவே அது எந்த ஊர் ஆடி என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அப்புறம், புரட்டாசி விதைப்புக்கென்று உங்கள் பக்கம் சொலவடை ஏதாவது இருக்குமே, எழுதி அனுப்புங்கள்.