பகடையைத் திட்டும் முன்: பிளட் பவுல் கேள்வி-பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டத்துப் பக்கமிருந்து வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்குமேல் பிளட் பவுல் பற்றித்தான். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். பெயரே கேள்விப்படாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்: கேம்ஸ் வொர்க்ஷாப் 1986-ல் வெளியிட்ட பலகை விளையாட்டு, வடிவமைத்தவர் ஜெர்விஸ் ஜான்சன். பந்தை எடுத்துக்கொண்டு எதிரணியின் கடைசி வரிசைக்குள் போய்விட்டால் டச் டவுன். ஆடுகிறவர்கள் ஆர்க், எல்ஃப், குள்ளர், எலி மனிதர் என்று கற்பனைக் குலங்கள். நீளம் 26 கட்டம், அகலம் 15. களத்தில் பக்கத்துக்கு 11 பேர். ஒவ்வொரு பாதியிலும் ஆளுக்கு 8 டர்ன் (முறை). கீழே சொல்வதெல்லாம் 2020 பதிப்பின் விதிப்படி.

கேள்வி: ஹாஸ்டலில் நாலு பேர் ஆடுகிறோம். என்னுடையது ஆர்க் அணி. ஆறு ஆட்டம் ஆடி ஆறும் தோல்வி. பகடை எனக்கு மட்டும் 1-ஆகவே விழுகிறது. போன ஆட்டத்தில் ஒரு டர்ன்: லைன்மேனை (சாதாரண ஆள்) டாட்ஜ் செய்ய வைத்தேன் (ஒட்டி நிற்கும் எதிரியிடமிருந்து நழுவுவது), தப்பினான். அடுத்து இன்னொரு லைன்மேன் தனியாக ஒரு பிளாக் (ஒட்டி நிற்கும் எதிரியை அடிப்பது), அதுவும் சரி. பந்தை எடுக்கப் போனவன் கோட்டைவிட்டான். பெரிய ஆட்களெல்லாம் நகராமல் அப்படியே நின்றார்கள். என்ன செய்வது?
— கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: அந்த ஒரு டர்னையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாட்ஜுக்கு 3 அல்லது அதற்குமேல் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. ஒற்றைப் பகடை பிளாக்கில் ஆறு முகத்தில் இரண்டு (உங்கள் ஆள் விழுவது, இருவரும் விழுவது) பிளாக் திறமை (இருவரும் விழும் முகம் வந்தாலும் நம்மாளை நிற்க வைப்பது) இல்லாதவனைக் கவிழ்க்கும். அங்கேயும் மூன்றில் இரண்டு. பந்தை எடுக்க மறுபடி 3. மூன்றும் சேர்ந்து கைகூட 27-க்கு 8. நூற்றுக்கு 30 கூட வரவில்லை! பத்து டர்னில் ஏழு பாதியிலேயே நின்றுபோகும் என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி. பகடை உங்களுக்கு வஞ்சனை செய்யவில்லை, தம்பி.

இந்த விளையாட்டில் உங்கள் ஆள் தரையில் விழுந்தாலும், பந்தை எடுக்கத் தவறினாலும், கைமாறிய பந்து நம்மவரிடம் சேராவிட்டாலும் டர்ன் அந்த நொடியே முடிகிறது. இதுதான் டர்ன்ஓவர். அதனால் யாரை முதலில் நகர்த்துகிறோம் என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது.

பகடையே தேவைப்படாத நகர்வுகளை முதலில் முடியுங்கள். விழுந்து கிடப்பவரை எழுப்புவது (3 கட்டம் நடை செலவாகும்), எதிரியை ஒட்டாமல் நிற்பவரைத் தேவையான இடத்துக்குக் கொண்டுபோவது, பந்து கிடக்கும் இடத்தைச் சுற்றி ஆள் நிறுத்துவது. அடுத்து நல்ல பிளாக்குகள். பலம் சமமானால் ஒரு பகடை, நமக்குக் கூடுதலானால் இரண்டு பகடை போட்டு நாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பக்கத்தில் துணைக்கு ஒருவர் நின்றால் பலம் ஒன்று கூடும். ஆனால் அந்தத் துணையாளை வேறு எதிரி ஒட்டி நிற்கக் கூடாது. பிளாக் திறமை உள்ள உங்கள் பிளிட்ஸர் (தாக்குதல் ஆள்) இரண்டு பகடையில் அடித்தால் 36-ல் ஒரு முறைதான் கவிழ்வார். பிக் அன் பிளாக்கருக்கு (உங்கள் பெரிய ஆள்) பலம் 4, துணை இல்லாமலே இரண்டு பகடை கிடைக்கும்; ஆனால் பிளாக் திறமை இல்லாததால் 9-ல் ஒரு முறை கவிழ்வார். ஆகவே பிளிட்ஸர் முதலில், பிக் அன் அடுத்து. லைன்மேனின் ஒற்றைப் பகடை பிளாக்கைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். பல டர்னில் அது தேவையே படாது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வானேன்?

பந்து எடுப்பதை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நாங்கள் சொல்வது: இலவச நகர்வுகளும் பாதுகாப்பான பிளாக்குகளும் முடிந்த உடனே. அப்போது கை தவறினாலும் பந்தைச் சுற்றி நம் ஆட்கள் நிற்பார்கள். ஷ்யூர் ஹேண்ட்ஸ் திறமையுள்ள த்ரோயரை (பந்து எறிபவர்) அனுப்பினால் மறு உருட்டல் சேர்ந்து 9-ல் 8 வாய்ப்பு. லைன்மேனை அனுப்பி ரீரோலை (அணி காசு கொடுத்து வாங்கும் மறு உருட்டல்) செலவழிக்க வேண்டாம்.

மூன்று ரீரோல் வாங்கியிருந்தால் பாதிக்கு மூன்றுதான், டர்ன் எட்டு. தள்ளு மட்டும் விழுந்திருக்கிறது, எதிரி விழவில்லையே என்று ரீரோல் எடுக்காதீர்கள். டர்ன் போய்விடும் என்கிற இடத்துக்கே அதை வைத்திருங்கள்.

கேள்வி: புதிதாக லீக் தொடங்குகிறோம். எந்த அணி எடுக்கலாம்? 10 லட்சம் தங்கக் காசை எப்படிப் பங்கிடுவது?
— ராணிப்பேட்டை வாசகி

பதில்: ஆர்க் எடுங்கள். பெரும்பாலான ஆர்க்குகளின் ஆர்மர் (கவசம்) 10+. இரண்டு பகடைக் கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால்தான் கவசம் உடையும். 36-ல் 6 வாய்ப்பு. வுட் எல்ஃப் லைன்மேனின் 8+ கவசம் 36-ல் 15 முறை உடைகிறது. பழகும் காலத்தில் தப்பு செய்துகொண்டேதான் இருப்போம், அதைத் தாங்குகிற உடம்பு வேண்டும்.

பிளிட்ஸர் நான்கு பேர் 3,20,000. பிக் அன் இருவர் 1,80,000. த்ரோயர் ஒருவர் 65,000. லைன்மேன் நால்வர் 2,00,000. பதினொரு பேருக்கு 7,65,000 ஆயிற்று. ரீரோல் மூன்று 1,80,000. மருத்துவர் 50,000. மொத்தம் 9,95,000. ட்ரோல் என்ற பூதத்தை (1,15,000) முதல் லீக்கில் வாங்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டாலும் ஆறில் ஒரு முறை சும்மா நின்றுவிடும். காசு சேர்ந்ததும் முதலில் பன்னிரண்டாவது ஆளை வாங்குங்கள்.

அனுபவப் புள்ளி 6 சேர்ந்தால் முதன்மைப் பிரிவிலிருந்து விருப்பப்பட்ட ஒரு திறமை எடுக்கலாம். டச் டவுனுக்கு 3, ஆட்ட நாயகனுக்கு 4. லைன்மேனுக்கும் பிக் அன்னுக்கும் முதல் திறமை பிளாக், பிளிட்ஸருக்கு கார்ட். கார்ட் உள்ளவர் எதிரி ஒட்டி நின்றாலும் துணை கொடுப்பார்.

கேள்வி: கூண்டு கட்டித்தான் (பந்துக்காரரைச் சுற்றி நால்வர்) பந்தைக் கொண்டுபோகிறேன். ஆனாலும் நண்பரின் வார்டான்ஸர் (வுட் எல்ஃப் அணியின் தாவும் ஆள்) உள்ளே குதித்துப் பந்தைத் தட்டிவிடுகிறார். கூண்டால் என்ன பயன்?
— ஆற்காடு வாசகர்

பதில்: கூண்டின் நான்கு பேரையும் எங்கே நிறுத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. பந்து வைத்திருப்பவரின் முன், பின், இடம், வலம் என்று நிறுத்தினால் அது கூண்டே இல்லை. நான்கு மூலைவிட்டக் கட்டங்களில் நிற்க வேண்டும். அப்போது நடுவே காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு மூலைக்காரர்களும் பந்துக்காரரும், ஆக மூவர் தொட்டுக்கொண்டிருப்பார்கள். டாட்ஜ் செய்து உள்ளே வருபவருக்கு 3 குறையும். சாதாரண ஆளுக்கு 6 வேண்டும், எல்ஃபுக்கு 5.

வார்டான்ஸரின் லீப் (தாவல்) திறமை அந்தக் குறைவில் ஒன்றைத் தின்றுவிடும். 4 விழுந்தாலே உள்ளே வந்துவிடுவார். ஆனால் வந்த பிறகுதான் கூண்டின் இரண்டாவது வேலை ஆரம்பிக்கிறது. அவரை ஒட்டி நிற்கும் இரண்டு மூலைக்காரர்களும் உங்கள் த்ரோயருக்குத் துணை. 3-ஆக இருந்த பலம் 5 ஆகிறது. வார்டான்ஸருக்கு 3-தான். இரண்டு பகடை விழும், தேர்ந்தெடுப்பது நீங்கள். பிளாக் திறமை இருந்தும் த்ரோயரைச் சாய்க்க அவருக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. தாவலோடு சேர்த்தால் ரீரோல் இல்லாமல் எட்டில் ஒன்று.

இது ஏன் உங்களுக்கு வேலை செய்யவில்லை? அநேகமாக உங்கள் மூலைக்காரர்களை எல்ஃப்கள் ஒட்டி நிற்கிறார்கள். ஒட்டப்பட்ட ஆள் துணை தர முடியாது. இரண்டு மூலையும் அப்படியானால் பலம் 3-க்கு 3, ஒற்றைப் பகடை, சாய்க்கும் வாய்ப்பு பாதி. எட்டில் ஒன்று நான்கில் ஒன்றாகிவிட்டது. ஆகவே டர்னை முடிக்கும்போது மூலைக்காரர்கள் எதிரியைத் தொடாமல் நிற்கட்டும். முடிந்தவரை ஒரு கட்டமாவது விலக்கம் வேண்டும். பிக் அன்களை முன் மூலைகளில் வையுங்கள். மீதி ஆறு பேர் கூண்டுக்கு வெளியே எல்ஃப்களை மறித்துக்கொண்டிருக்கட்டும்.

அவசரமும் வேண்டாம். டர்னுக்கு இரண்டு மூன்று கட்டம் போதும். ஏழாவது டர்ன் முடிவில் பந்துக்காரர் கடைசி வரிசைக்கு 5 கட்டத்துக்குள் இருந்தால், எட்டாவதில் ரஷ் (நடை அளவைத் தாண்டிய கூடுதல் கட்டம்) எடுக்காமலே நடந்து போய்விடலாம். எதிராளிக்குப் பதில் கொடுக்க நேரமும் இருக்காது. ரஷ் எடுக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் 1 விழுந்தால் ஆள் குப்புற. இரண்டு ரஷ் என்றால் 36-ல் 25 தடவைதான் பிழைப்பார்.

கேள்வி: ஸ்கேவன் எலிகள் என் ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடிவிடுகின்றன. தடுக்க வழி?
— ஆம்பூர் வாசகர்

பதில்: ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவருக்கு இது கைவந்த கலை. புலியைத் துரத்துகிற ஆடு தோற்கும். வழியை அடைக்கிற ஆடு ஜெயிக்கும். கட்டர் ரன்னர் என்ற வேக எலியின் நடை 9, ரஷ் சேர்த்தால் 11. அதை விரட்டிப் பிடிக்க ஆர்க்கால் ஆகாது.

ஒவ்வொருவரும் தன் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று கட்டங்களைக் காவல் காக்கிறார். ஆகவே இரண்டு பேருக்கு நடுவே இரண்டு காலிக் கட்டம் விடலாம். மூன்று விட்டால் நடுக்கட்டம் திறந்த கதவு. அகலம் 15 கட்டம். 2, 5, 8, 11, 14 ஆகிய கட்டங்களில் ஐந்தே பேர் நின்றால் முழு அகலமும் அடைபட்டுவிடும். முன்கோட்டில் (நடுக்கோட்டை ஒட்டி) கட்டாயமாக நிற்க வேண்டிய மூவர் போக மூன்று பேர் மிஞ்சுவார்கள். அவர்களை வேலிக்கு மூன்று நான்கு கட்டம் பின்னால் நிறுத்துங்கள். டாட்ஜ் செய்து ஒரு எலி உள்ளே வந்தாலும் அடுத்த டர்னில் பிளிட்ஸ் (நகர்ந்துபோய் அடிப்பது) அடிக்க அங்கே ஆள் இருக்கும்.

எல்லைக்கோட்டை ஒட்டி மட்டும் யாரையும் விடாதீர்கள். வெளியே தள்ளப்பட்டவருக்குக் கவசப் பகடையே கிடையாது, நேராகக் காயப் பகடைதான். பந்தை உதைக்கும்போது எதிர்ப்பாதியின் நடுமையத்தைக் குறி வையுங்கள்: முன்கோட்டிலிருந்து 7-ஆவது வரிசை, அகலத்தில் 8-ஆவது கட்டம். பந்து எந்தத் திசையில் 6 கட்டம் விலகினாலும் அந்தப் பாதிக்குள்ளேயே விழும்.

கேள்வி: பெட்டி வாங்கும் வசதி இல்லை. வீட்டிலேயே செய்து பழக முடியுமா?
— பள்ளி மாணவர், காட்பாடி

பதில்: தாராளமாக. கட்டத்தின் பக்கம் 34 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் களம் 884 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம். 3 அடிக்கு 2 அடி ஃப்ளெக்ஸில் அச்சடித்தால் நீளவாக்குப் பக்கம் இரண்டிலும் 50 மி.மீ. மிஞ்சும், மாற்று ஆட்களையும் அடிபட்டவர்களையும் அங்கே வைக்கலாம். ஃப்ளெக்ஸைச் சுருட்டி வையுங்கள், மடித்தால் மடிப்புக்கோட்டில் காய் சாயும். கத்திரி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டால் நெளிந்துவிடும்.

ஆட்களுக்குத் தண்ணீர் பாட்டில் மூடி. சுமார் 30 மி.மீ. இருக்கும், கட்டத்துக்குள் சரியாக உட்காரும். அணிக்கு ஒரு நிறம், மேலே எண். ஆள் விழுந்தால் மூடியைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்டன் ஆனவர் (மயங்கியவர்) என்றால் கவிழ்த்த மூடிக்குள் ஒரு புளியங்கொட்டை. உங்கள் அடுத்த டர்ன் முடிவில் கொட்டையை எடுத்துவிடுங்கள், அதற்கடுத்த டர்னில் அவர் எழலாம். பந்துக்குச் சட்டைப் பொத்தான்.

சாதாரண பகடையே பிளாக் பகடையாகும், ஆறு முகம் இருந்தால் போதும். 1 அடித்தவர் விழுவது, 2 இருவரும் விழுவது, 3-ம் 4-ம் தள்ளு, 5 தடுமாற்றம் (டாட்ஜ் திறமை இருந்தால் வெறும் தள்ளு), 6 எதிரி விழுவது. திசைக்கு எட்டுமுகப் பகடை இல்லாவிட்டால் நாணயமும் பகடையும் சேர்த்து உருட்டுங்கள்: தலை என்றால் 1 முதல் 4, பூ என்றால் 5 முதல் 8, பகடையில் 5, 6 விழுந்தால் மறுபடி.

கேள்வி: விழுந்து கிடப்பவனை மிதிப்பது நியாயமா? எப்போது செய்யலாம்?
— வாலாஜா வாசகர்

பதில்: விதியில் உள்ளதுதான், தயங்க வேண்டாம். டர்னுக்கு ஒரு ஃபவுல். டர்னின் கடைசிச் செயலாக வையுங்கள். கவசத்துக்கோ காயத்துக்கோ உருட்டும் இரண்டு பகடையும் ஒரே எண்ணாக விழுந்தால் மிதித்தவர் வெளியேற்றப்படுவார், டர்னும் போகும். 50,000 காசு லைன்மேனை வைத்து 1,25,000 காசு வார்டான்ஸரை மிதிப்பது லாபம். மாற்று ஆள் இல்லாத அணி இரண்டு முறை யோசிக்க வேண்டும். தனியாகப் போய் மிதிக்காதீர்கள். எதிரி ஒட்டாத இருவரைக் கூட நிறுத்தினால் 8+ கவசத்துக்கு 6 விழுந்தாலே போதும். 36-ல் 26 முறை உடையும்.