கேத்ரியின் செம்பும் நாட்டு மருந்துக் கடையின் துத்தமும்

வாசகர் கேள்விகள்: மண்ணும் கல்லும்

இராஜஸ்தானின் கேத்ரி, இந்தியாவின் மிகப் பழைய செம்புச் சுரங்கப் பகுதிகளுள் ஒன்று என்று சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குச் சென்னை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிரப்பிவிட்டன.

கேள்வி: கடற்கரைச் சாலையிலுள்ள விவேகானந்தர் இல்லத்துக்குப் பேரனை அழைத்துச் சென்றபோது, கேத்ரி மன்னர் அஜித் சிங் பற்றி அறிந்தேன். அந்தக் கேத்ரியும் நீங்கள் எழுதிய கேத்ரியும் ஒன்றுதானா? அங்கே மட்டும் செம்பு எப்படி வந்து சேர்ந்தது?
(திருவல்லிக்கேணி வாசகர்)

பதில்: ஒன்றேதான். 1893-இல் விவேகானந்தர் சிகாகோ செல்வதற்கு உங்கள் திருவல்லிக்கேணியின் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினார்கள். கேத்ரி மன்னரும் உதவினார். அந்த மன்னரின் மலைகளுக்குள்தான் செம்பு இருக்கிறது.

ஆரவல்லி மலைத்தொடரின் வடபகுதியில், இன்றைய ஜுன்ஜுனு மாவட்டத்தின் சிங்கானாவிலிருந்து தென்மேற்காக ரகுநாத்கட் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு நீள்கிறது கேத்ரி செம்புப் பட்டை. இங்குள்ள பாறைகளை நிலவியலார் டெல்லித் தொகுதி என்கிறார்கள். அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் மணல் இறுகிய குவார்ட்சைட் பாறைகளைக் கொண்ட ஆல்வார் பிரிவு. அதன்மேல், களிமண்ணும் சுண்ணாம்பும் உருமாறித் தகட்டுப் பாறையாகவும் பளிங்காகவும் ஆன அஜப்கட் பிரிவு. ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடலடியில் படிந்த மணலும் சேறும் பின்னர் புவியின் உள்ளே அழுந்தி, மடிந்து, 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து, செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. மாக்கல்லின் உறவினர் எனத்தக்க பச்சை நிறக் குளோரைட்டும், மாதுளை முத்தைப் போன்ற கார்னெட்டும், ஆண்டலுசைட் என்னும் கனிமமும் இந்தத் தகட்டுப் பாறைகளில் காணப்படுவது அந்த வெப்பத்துக்குச் சான்று.

இரு பிரிவுகளும் சந்திக்கும் இடத்தை ஒட்டித்தான் தாது மிகுதி. மாதன்-குதன், கோலிஹான் சுரங்கங்கள் அங்கே அமைந்திருப்பது தற்செயல் அன்று. முதன்மையான தாது சால்கோபைரைட் என்னும் பித்தளை நிறக் கல். செம்பும் இரும்பும் கந்தகமும் கூடிய அதில், எடைக்கணக்கில் செம்பு 34.6 விழுக்காடு. அதனுடன் இரும்பும் கந்தகமும் மட்டுமே கொண்ட பைரைட்டும் பைரோட்டைட்டும் கலந்து கிடக்கின்றன. ஆனால் தூய சால்கோபைரைட் பாளம் பாளமாகக் கிடக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அது பாறையில் சிறு நரம்புகளாகவும் புள்ளிகளாகவும் சிதறியிருப்பதால், தோண்டி எடுக்கும் தாதில் செம்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். ஒரு டன் கல்லை உடைத்தால் பத்துக் கிலோ செம்பு.

அந்தச் செம்பு கடலடிச் சேற்றோடு சேர்ந்தே வந்ததா, பாறை உருவான பிறகு உப்பு மிகுந்த வெந்நீர் பிளவுகள் வழியே கொண்டுவந்து சேர்த்ததா என்பது நிலவியலாரிடையே நீண்ட வாதம். அடுக்கோடு அடுக்காகத் தாது செல்வதைப் பார்த்தவர்கள் முதல் கட்சி. அருகிலுள்ள கிரானைட் பாறைகள் சோடியம் ஏறி நிறம் மாறியிருப்பதையும், தாதோடு மேக்னடைட் என்னும் காந்த இரும்புக்கல் சேர்ந்திருப்பதையும் பார்த்தவர்கள் இரண்டாம் கட்சி. கிரானைட்டையே மாற்றிய நீர் செம்பை மட்டும் தொடாமல் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: கருவிகள் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், மண்ணுக்கடியில் செம்பு இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
(மயிலாப்பூர் வாசகி)

பதில்: மலையே நிறம் காட்டிக் கொடுத்துவிடும், அம்மா. சால்கோபைரைட் மேற்பரப்புக்கு அருகே காற்றையும் மழைநீரையும் சந்திக்கும்போது கந்தகம் கரைந்து வெளியேறுகிறது. இரும்பு துருவாகி, செங்கல் நிறத்தில் பொத்தல் பொத்தலான ஒரு தொப்பியாகப் பாறைமேல் தங்குகிறது. செம்போ கரியமிலக் காற்றுடன் சேர்ந்து மாலகைட் என்னும் பச்சைக் கல்லாகவும், அரிதாக அசுரைட் என்னும் நீலக் கல்லாகவும் படிகிறது. வீட்டில் துலக்காமல் விட்ட செப்புக் குடத்தில் பச்சைக் களிம்பு ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சிவந்த பாறையில் பச்சைக் கறை என்றால் கீழே செம்பு. ஆடு மேய்ப்பவர் கண்ணுக்கும் அது தப்பாது.

அந்தப் பச்சைக் கல்லில் செம்பு 57 விழுக்காட்டுக்கு மேல். கரியோடு சேர்த்து ஊதுலையில் இட்டாலே செம்பு பிரிந்துவிடும். கேத்ரிக்குத் தெற்கே சீகர் மாவட்டப் பகுதியிலுள்ள கணேஷ்வரில் பொ.ஆ.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த அம்பு முனைகளும் மீன்தூண்டில்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட செம்புப் பொருள்கள் அகழாய்வில் கிடைத்தன. அங்கிருந்து ஹரப்பா நகரங்களுக்கும் செம்பு சென்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

பச்சைக் கல் தீர்ந்து, கந்தகம் கலந்த கல்லுக்கு இறங்கிய பிறகுதான் வேலை கடினமாகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பார்த்து எழுதிவைத்த முறை இது: தாதை இடித்துப் பொடியாக்கிச் சாணியோடு பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைத்து, முதலில் சுட்டுக் கந்தகத்தைப் போக்குவார்கள், அதன்பின் இரும்புக் கசடைச் சேர்த்து மண் உலையில் உருக்குவார்கள். இப்படி உருக்கிக் கொட்டிய கசடு சிங்கானா ஊரருகே மேடு மேடாகக் குவிந்தது. அக்பர் காலத்து ஆயின்-இ-அக்பரியிலேயே அவ்வூரின் செம்புச் சுரங்கம் பேசப்படுகிறது.

கேள்வி: என் தாத்தா பூங்கா நகரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். மயில்துத்தமும் அன்னபேதியும் படிகாரமும் ஒரே மலையில் பிறந்த பிள்ளைகள் என்பார். கதையா, உண்மையா?
(புரசைவாக்கம் வாசகர்)

பதில்: இந்த மாதத்தின் மிகச் சிறந்த கேள்வி இதுதான். உங்கள் தாத்தா கேத்ரியைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர் சொன்னது கேத்ரிக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. அந்த மூன்றும் அங்கே ஒரே கழிவுக் குவியலிலிருந்து எடுக்கப்பட்டன.

தாது எடுக்கும்போது உடைந்து கொட்டப்பட்ட கருநிறத் தகட்டுப் பாறைத் துண்டுகளில், உருக்குவதற்குப் போதாத அளவில் கந்தகக் கனிமங்கள் ஒட்டியிருக்கும். அவை மழையில் நனைந்து காற்றில் கிடக்கையில், பைரைட்டிலும் பைரோட்டைட்டிலும் உள்ள கந்தகம் கந்தக அமிலமாகிறது, இரும்பு அந்த அமிலத்தோடு சேர்ந்து இரும்பு சல்பேட் ஆகிறது. இதுதான் அன்னபேதி. அதே அமிலம் சால்கோபைரைட்டிலுள்ள செம்பைக் கரைத்தால் செம்பு சல்பேட். அதுவே மயில்துத்தம், சித்த மருத்துவர் துருசு என்பதும் அதுவே. எஞ்சிய அமிலம் சும்மா இருப்பதில்லை. பாறையிலுள்ள அப்பிரகத்தையும் களிமண்ணையும் அரித்து அலுமினியத்தைக் கரைக்கிறது. அதனுடன் பொட்டாசியம் சேர்ந்து படிகமானால் படிகாரம். கேத்ரித் தொழிலாளர்கள் அந்தக் கழிவை நீரில் ஊறவைத்து, வடித்த நீரைக் காய்ச்சி, ஒவ்வோர் உப்பாகப் படியவிட்டுப் பிரித்தெடுத்தார்கள். மூன்றும் உண்மையில் ஒரு தாய் மக்கள்தாம், அந்தத் தாயின் பெயர் கந்தகம்.

இதே நீர் எவராலும் காய்ச்சப்படாமல் ஓடையில் கலந்தால், அதுதான் சுரங்கப் பகுதிகளில் பயிரைக் கருக்கும் அமில நீர்.

கேத்ரியிலிருந்து மருந்துக் கடைக்குப் போகாத நான்காவது பொருள் ஒன்றும் உண்டு. பபாய் என்னும் ஊரருகே செம்புத் தாதோடு வெள்ளி நிறத்தில் ஒரு கல் கிடைத்தது. ஊரார் அதைச் சேத்தா என்றனர். ஜெய்ப்பூரின் மீனாக்காரிக் கலைஞர்கள் தங்க நகையில் நீல எனாமல் பூச அதைப் பயன்படுத்தினார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மாலெட் அதனை ஆராய்ந்து, அதில் கோபால்டைட்டும், கோபால்ட் கலந்த ஆர்செனிக் கனிமமான டானைட்டும் இருப்பதாக 1881-இல் எழுதினார். கோபால்ட், ஆர்செனிக், கந்தகம் மூன்றும் கூடியது கோபால்டைட். சுட்டால் பூண்டு நாற்றம் வரும். அந்த நாற்றத்தை முகர்ந்து பார்க்க யாரும் முயல வேண்டாம், அது ஆர்செனிக்.

கேள்வி: தீவுத்திடல் பொருட்காட்சியில் ‘மயில் செம்புக்கல்’ என்று ஊதாவும் நீலமுமாக மின்னும் ஒரு கல்லை வாங்கினேன். அசலா?
(நங்கநல்லூர் வாசகி)

பதில்: மயில் நிறம் இயல்பாகவே ஏறுவது போர்னைட் என்னும் தாதில், அதில் செம்பு 63 விழுக்காடு. கடைகளில் விற்பவை பெரும்பாலும் அமிலத்தில் நனைத்து நிறம் ஏற்றிய சால்கோபைரைட். ஓர் ஓரத்தைச் சிறிது உடைத்துப் பாருங்கள்: உள்ளே பித்தளை மஞ்சளாக இருந்தால் சால்கோபைரைட், செம்பழுப்பாக இருந்தால் போர்னைட். கத்தி முனையால் கீறினால் இரண்டிலுமே கோடு விழும். கோடே விழாவிட்டால் அது பைரைட்டாக இருக்கக்கூடும். எதுவானாலும் மீன் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இத்தனை செப்புத் திருமேனிகளையும் செப்பேடுகளையும் செய்த தமிழ்நாட்டில் செம்புச் சுரங்கம் ஏன் இல்லை?
(தாம்பரம் வாசகர்)

பதில்: தமிழ்நாட்டின் பெரும்பகுதி, 250 கோடி ஆண்டு அளவிலான, புவியின் மிக ஆழத்தில் வெந்து மேலே வந்த சார்னகைட், நைஸ் பாறைகள். கேத்ரியைப் போன்ற படிவுப் பட்டைகள் இங்கே குறைவு. ஆந்திரத்தின் அக்னிகுண்டலா, கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே இங்கல்தால் ஆகியவை நமக்கு அண்மையிலுள்ள செம்புப் பகுதிகள்.

எனினும் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மாமண்டூரில் துத்தநாகம், ஈயம், செம்பு ஆகிய மூன்றின் கந்தகத் தாதுகளும் கலந்து இருப்பதை நிலவியல் ஆய்வுகள் காட்டின. அவற்றுள் துத்தநாகமே மிகுதி. பார்க்கும் ஆவலில், மகேந்திரவர்மன் குடைவரைகள் உள்ள காஞ்சிபுரம் பக்கத்து மாமண்டூருக்குப் பேருந்து ஏறிவிடாதீர்கள். அது வேறு ஊர்.