பழைய எஸ் கிளாஸ் வாங்கலாமா? டீசல் கணக்கும் மற்ற கணக்குகளும்

கேள்வி: கோவையில் தொழில் செய்கிறேன். 2018 கடைசியில் பதிவான மெர்சிடிஸ் எஸ் 350டி ஒன்று, 55,000 கி.மீ ஓடியது, எனக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு வருகிறது. தினமும் ஊருக்குள் 30 கி.மீ ஓட்டம், மாதம் ஒருமுறை சென்னை போய்வருவேன். டிரைவர் இருக்கிறார். மைலேஜ் என்ன கிடைக்கும், மாதம் எவ்வளவு செலவாகும்? டீசல் போட்டே போண்டியாகிவிடுவாய் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: உங்கள் நண்பர்கள் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பயப்படுகிறார்கள். முதலில் டீசல் கணக்கையே போட்டுவிடுவோம்.

நீங்கள் பார்த்திருப்பது 2018 பிப்ரவரியில் வந்த மாடல். 2,925 சிசி, ஆறு சிலிண்டர், 286 குதிரைத்திறன், ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக். எடை சுமார் இரண்டு டன். ஊருக்குள் இது லிட்டருக்கு 8 கி.மீ கொடுத்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் 90, 100 வேகத்தில் நிதானமாகப் போனால் 14 வரும். இவ்வளவு பெரிய காருக்கு 14-ஆ என்று கேட்பீர்கள். காற்றைக் கிழித்துப் போவதற்கென்றே வார்க்கப்பட்ட உடம்பு. ஒன்பதாவது கியரில் 100 வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குள்தான் சுழலும். சீரான வேகத்தில் போகும்போது எடை பெரிய சுமையே இல்லை. அந்த இரண்டு டன்னை நிறுத்தி நிறுத்தி மறுபடி கிளப்பும்போதுதான் டீசல் கரைகிறது. அவிநாசி ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் நடப்பது அதுதான்.

ஊருக்குள் மாதம் 25 நாள், 750 கி.மீ என்றால் 94 லிட்டர். சென்னை போய்வர ஏறத்தாழ 1,000 கி.மீ, அதற்கு 71 லிட்டர். மொத்தம் 165 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் மாதம் 15,500-க்குள் முடிந்துவிடும். இதே ஓட்டத்தை ஒரு இன்னோவா கிரிஸ்டாவில் ஓடினாலும் மாதம் இரண்டாயிரம் ரூபாய் போலத்தான் மிச்சமாகும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுடைய ஓட்டத்தில் பாதிக்கும் குறைவுதான் ஊருக்குள். ஆனால் டீசலில் பாதிக்கும் மேல் அங்கேதான் போகிறது. அதனால் ஊருக்குள் 8-ஐ 10 ஆக்கினால் மாதம் 19 லிட்டர் மிச்சம். நெடுஞ்சாலையில் 14-ஐ 17 ஆக்கப் பாடுபட்டாலும் 13 லிட்டர்தான். மைலேஜ் பற்றிப் பேசும் பலரும் ஹைவே எண்ணைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். அதை வைத்து மாத பட்ஜெட் போடாதீர்கள்.

அப்புறம், டிரைவர் விஷயம். முதலாளி உள்ளே மீட்டிங்கில் இருப்பார், டிரைவர் வெளியே ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவ்வளவு பெரிய எஞ்சின், ஏசியோடு ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் ஒரு லிட்டர் வரை குடிக்கும். தினம் ஒரு மணி நேரம் என்றால் மாதம் 25 லிட்டர், 2,300 ரூபாய். உங்கள் ஊர் மைலேஜ் எட்டிலிருந்து ஆறு சொச்சத்துக்கு இறங்கிவிடும். "வண்டி மைலேஜ் கொடுக்கல" என்று சர்வீஸ் சென்டரில் சண்டை போடுபவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். டிரைவரைத் திட்டச் சொல்லவில்லை; போகிற இடத்தில் அவர் உட்கார நிழலும் ஒரு நாற்காலியும் ஏற்பாடு செய்தாலே போதும்.

டேஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்கில் நிரப்பிக் கணக்குப் பார்ப்பதுதான் நம்பகமானது.

சரி, பயப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம். இந்தக் கார் புதிதாக வந்தபோது ஷோரூம் விலை 1.33 கோடி. இன்று உங்களிடம் அதில் பாதிகூடக் கேட்கமாட்டார்கள். ஆனால் பாகங்களின் விலை 1.33 கோடிக் காரின் விலையாகவே இருக்கிறது. பழைய சொகுசுக் கார் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முக்கியமானது ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. ரப்பர் என்பதால் வயதாக ஆக வெடிப்பு விடும். ஒரு பை மெல்லக் கசிந்தால், அதை ஈடுகட்ட, காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போய்விடும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் ஒரு பக்கம் மாற்ற லட்சத்துக்குக் குறையாது. ஒன்று போனால் அதே வயதுள்ள மற்றதும் பின்னாலேயே வரும். உங்கள் காருக்கு இப்போது அந்த வயதுதான். வாங்கும் முன் ஒரு இரவு சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

டயர் ஒன்று 25,000 ரூபாய் போல ஆகும், நான்கும் 30,000 கி.மீ தாங்கினால் சரி. சர்வீஸ் வருடத்துக்கு ஒருமுறை அல்லது 15,000 கி.மீ, எது முதலில் வருகிறதோ அது. சிறியதும் பெரியதுமாக மாறி மாறி வரும், சராசரியாக 70,000 வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பகுதி வெறும் 7,897 ரூபாய்தான். 1,500 சிசிக்கு மேல் எல்லாக் காருக்கும் அதே தொகை. சொந்தச் சேதப் பகுதியோடு சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டும். இது பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த வண்டி என்பதால், புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டும், அது பெரிய காசில்லை. எலிதான் பெரிய காசு. வயரிங் ஒன்றைக் கடித்துவிட்டால் எங்கே கடித்தது என்று தேடுவதற்கே ஒரு பில் வரும். ஷெட்டை அடைத்து வையுங்கள்.

இவற்றோடு, பழுதுக்கென்று வருடம் 1.5 லட்சம் தனியாக ஒதுக்கிவிடுங்கள். ஒரு வருடம் அது செலவாகாமல் போகலாம், மறு வருடம் மூன்று லட்சமாகக் கேட்கலாம். என் கணக்கில் எல்லாம் சேர்த்து வருடம் ஆறு லட்சத்தை ஒட்டி வருகிறது, மாதம் 50,000. டிரைவர் சம்பளம் இதில் சேராது. டீசல் இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மாதம் 15,000 டீசல் பில் உங்களைக் கவிழ்க்காது. ஒரே வாரத்தில் வரும் மூன்று லட்ச ரூபாய் எஸ்டிமேட் கவிழ்க்குமா என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். அதை முகம் சுளிக்காமல் கட்ட முடியும் என்றால் தாராளமாக வாங்கலாம். சென்னைப் பயணத்துக்கு இதைவிடச் சுகமான வண்டி இந்த விலையில் கிடைக்காது. டோலைப் பொறுத்தவரை இதுவும் சின்னக் காரும் ஒரே கட்டணம்தான். ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் எஸ் 450 கிடைத்தால் என்ன என்று கேட்காதீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு டீசல்தான்.

பணம் கொடுக்கும் முன் இன்னும் இரண்டு வேலை. சேஸிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள்: சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறல் வாடை, விளக்குக்குள் நீர்ப்படலம். டெல்லிப் பதிவு வண்டி என்றால் விலை இன்னும் கவர்ச்சியாக இருக்கும். 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு அங்கே கொண்டுவரப்பட்ட கட்டுப்பாட்டுக்குப் பயந்து முன்கூட்டியே தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அதை இங்கே கொண்டுவந்தால் அங்கிருந்து என்.ஓ.சி (தடையில்லாச் சான்று) வாங்கி மறுபதிவு செய்து, தமிழ்நாட்டுச் சாலை வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.