மூன்று பாட்டு ஒரே நேரத்தில்

வணக்கம் ஐயா,

பாம்பெர்க் சுவடி என்ற பழைய ஐரோப்பிய இசைத் தொகுப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதிலுள்ள பாட்டுகளின் ஒலிப்பதிவுகள் சிலவற்றைத் தேடிக் கேட்டேன். பன்னிரண்டு வருடமாகப் பாட்டு கற்றுக்கொள்கிறேன். சாகித்யத்தின் பொருள் தெரியாமல் ஒரு வரியைக்கூடப் பாட விடமாட்டார் எங்கள் டீச்சர். இங்கே மூன்று பேர் மூன்று வெவ்வேறு கவிதைகளை ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மூடிவிடுகிறார். ஒலி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்பவருக்கு எட்டாத சாகித்யத்தை எதற்காக எழுத வேண்டும்?

இன்னொரு சந்தேகம். நூறு பாட்டுக்குப் பின்னால் ஓர் இசை இலக்கண நூலும் அதே சுவடியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எழுதும் தோலை வீணாக்க வேண்டாம் என்று செய்ததா, இரண்டுக்கும் ஏதாவது உறவு உண்டா?

அன்புடன்
க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன். அதைப் புரிந்துகொண்டால் முதல் கேள்வியின் கடுமை கொஞ்சம் குறையும்.

அந்தச் சுவடி ஜெர்மனியின் பாம்பெர்க் அரசு நூலகத்தில் லிட். 115 என்ற எண்ணில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 80 தோல் ஏடுகள். அதில் நூறு மோட்டெட்டுகள், அதாவது ஒவ்வொரு குரலும் தனித்தனிச் சொற்களோடு ஒரே நேரத்தில் பாடும் நீங்கள் கேட்ட அந்தப் பாட்டுகள். ஒன்றைத் தவிர எல்லாமே மூன்று குரலுக்கானவை. லத்தீனும் பிரெஞ்சும் கிட்டத்தட்டச் சரிபாதி, சிலவற்றில் இரண்டும் கலந்து வரும். பிறகு ஏழு ஹாக்கெட்டுகள், குரல்கள் மாறி மாறி விட்டுவிட்டு ஒலிப்பவை. அதன்பின் அமேருஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1271இல், இத்தாலியில் கர்தினால் ஒத்தோபுவோனோவின் இல்லத்தில் இருந்தபோது எழுதிய இலக்கண நூல்.

நூலகத்தின் இணையதளத்தில் ஏடுகளின் படங்கள் இருக்கின்றன. ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேல் குரல்கள் இரண்டும் இரண்டு பத்திகளாக, அருகருகே இறங்குகின்றன. மூன்றாவது குரலான டெனோர், பக்கத்தின் அடியில் ஓரிரு சொற்களோடு சுருக்கமாகக் கிடக்கிறது. யாரோடு யார் எந்த இடத்தில் சேர வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியாது. நான் முதலில் பார்த்தபோது அந்தப் பக்கத்திலிருந்து மூன்று பேர் எப்படிப் பாடியிருக்க முடியும் என்றே விளங்கவில்லை.

இதற்கு ஒரு தலைமுறை முன்பு பாரிஸில் எழுதப்பட்டு இப்போது ஃபிளாரன்ஸில் இருக்கும் பெரிய சுவடியில் ஆர்கனும் என்ற வகைப் பாட்டுகள் ஒரு குரலின் மேல் இன்னொரு குரலாக அடுக்கி எழுதப்பட்டிருக்கின்றன. மேலிருந்து கீழே பார்வையை ஓட்டினால் எது எதோடு சேர்கிறது என்று தெரிந்துவிடும். அவற்றில் ஓர் அசைக்கே நீண்ட சுர ஓட்டம் வரும். ஆகவே சுரங்களைக் கூட்டெழுத்தாகச் சேர்த்து எழுத முடிந்தது. அந்தச் சேர்க்கைதான் காலக் கணக்கைச் சொன்னது. முதலில் மூன்று சுரங்களின் கூட்டெழுத்து, பிறகு இரண்டிரண்டாக வந்தால் அது நெடில், குறில், நெடில், குறில் என்று போகும் நடை. இப்படி ஆறு நடைகள். பாடகர் சேர்க்கையைப் பார்த்தே நடையைப் பிடித்துக்கொள்வார்.

மோட்டெட்டில் அது நடக்கவில்லை. மேல் குரல்களில் சொற்கள் நெருங்கி வந்தன. ஒரு சுரத்துக்கு ஓர் அசை என்றானதும் கூட்டெழுத்தைப் பிரித்தே ஆக வேண்டியிருந்தது. கூட்டெழுத்து பிரிந்தது, அது சுமந்த காலக் கணக்கும் போயிற்று. கூடவே, சொல் நெருங்கிய குரலுக்கு இடம் அதிகம் வேண்டும், டெனோருக்கோ கொஞ்சம் போதும். அடுக்கி எழுதினால் டெனோரின் வரி முழுக்க வெறும் தோலாகக் கிடக்கும். ஆகவே குரல்களைப் பிரித்து எழுதினார்கள். நீங்கள் கேட்ட தோல் சிக்கனம் உண்மைதான், ஆனால் அது நடந்தது இந்த இடத்தில். அதோடு கண்ணால் ஒப்பிடும் வழியும் மூடிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. தனித்தனிச் சுரத்தின் உருவமே அதன் நீளத்தைச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் காம்பு உள்ள சதுரம் நெடில், காம்பில்லாத சதுரம் குறில், சாய்சதுரம் அதனினும் குறுகியது. நெடில், குறில் என்று நான் தமிழ்ப்படுத்திச் சொல்வதாக எண்ண வேண்டாம். லோங்கா, ப்ரெவிஸ் என்ற லத்தீன் சொற்களுக்கு நேர்ப்பொருளே அதுதான். நம் இலக்கணத்தில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை. அவர்களுக்கு மூன்று குறில் சேர்ந்ததே முழுமையான நெடில், இரண்டே இருந்தால் குறைபட்ட நெடில். மூன்று ஏன் முழுமை என்பதற்குப் பரிசுத்த திரித்துவத்தைக் காரணமாகச் சொல்கிறார் அக்காலத்து இசை இலக்கண ஆசிரியர் கொலோனின் ஃபிராங்கோ. இந்த உருவங்களை ஐயமற வரையறுத்தவர் அவர். இன்று மேற்கத்திய இசையை எழுதும் முறை அந்தக் கணக்கின் வழிவந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரலாம். அமேருஸின் நூலில் பெரும்பகுதி தேவாலயத்தின் ஒற்றைக்குரல் பாடலைப் பற்றியது. சுரங்கள், இடைவெளிகள், பாட்டின் முறைமைகள். கடைசியில்தான் காலம் அளந்து பாடும் பல்குரல் இசைக்கு வருகிறார். எனக்கு அந்த வரிசையே முக்கியமாகப் படுகிறது. ஒருவர் தனியாகவோ, எல்லோரும் ஒரே மெட்டையோ பாடும்வரை காலத்தைக் காதும் நினைவும் பார்த்துக்கொண்டன. மூன்று பேர் மூன்றைப் பாடத் தொடங்கியதும் காலத்தைக் குறித்து வைக்க ஓர் இலக்கணம் தேவைப்பட்டது. நூறு பாட்டுகளும் அந்தச் சிக்கலின் நடுவே பாடப்பட்டவை. அவற்றுக்குப் பின்னால் இலக்கணம் வருவதில் எனக்கு வியப்பே இல்லை.

சாகித்யத்துக்கு வருகிறேன். உங்கள் வருத்தம் சின்னதல்ல. திருத்தந்தை 22ஆம் யோவான் 1324-25இல் அவிஞ்ஞோனிலிருந்து வெளியிட்ட ஆணையில் இதற்கு நெருக்கமான குறைகளைத்தான் கண்டித்தார். ஹாக்கெட்டால் மெட்டைத் துண்டு துண்டாக்குகிறார்கள், வட்டார மொழிப் பாட்டுகளைத் திணிக்கிறார்கள் என்று. மறுபக்கத்தில், 1300ஐ ஒட்டிப் பாரிஸில் இசையைப் பற்றி எழுதிய யோஹான்னஸ் தெ க்ரொகேயோ, மோட்டெட்டைப் பாமர மக்கள் முன் பாட வேண்டாம், அவர்கள் அதன் நுட்பத்தைக் கவனிப்பதுமில்லை, அதில் மகிழ்வதுமில்லை, கற்றவர்களின் விருந்துகளுக்கு உரியது அது என்றார். பாமரரைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் இது பெருங்கூட்டத்துக்கான பாட்டல்ல, ஒரு மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கானது என்ற தகவல் அதில் இருக்கிறது. அங்கே பாடுகிறவரும் கேட்கிறவரும் பெரும்பாலும் ஒரே கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சொல் போதும். இந்தச் சுவடியின் ஹாக்கெட்டுகளில் அடிக்கடி வரும் டெனோர் 'இன் செகுலும்'. ஈஸ்டர் வழிபாட்டில் பாடும் சங்கீத வரியிலிருந்து எடுத்தது. தமிழ் வேதாகமத்தில் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று வருமே, அதில் உள்ள 'என்றும்' மட்டும். அந்த ஒரு சொல்லின் மெட்டு கீழே ஒலித்தால் குருமடத்தில் வளர்ந்தவனுக்கு முழு வரியும், ஈஸ்டர் காலையும் நினைவில் எழுந்துவிடும். மோட்டெட்டுகளின் இன்னொரு பழைய தொகுப்பான மோன்பெலியே சுவடியில் உள்ள ஒரு பாட்டில் டெனோர் என்ன தெரியுமா? பாரிஸ் தெருவில் பழம் விற்பவரின் கூவல். 'புது ஸ்ட்ராபெரி' என்று கீழே ஒரு குரல் திரும்பத் திரும்பக் கூவ, மேல் குரல்கள் நல்ல ரொட்டியும் நல்ல ஒயினும் நண்பர்களும் கிடைக்கும் பாரிஸைக் கொண்டாடுகின்றன. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பேசுவதுபோல அது காதில் விழுகிறது. ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்டிருந்தால் எனக்கு அந்த ஊர் வந்திருக்காது.

ஹாக்கெட் என்பதற்குப் பிரெஞ்சில் விக்கல் என்று பொருள். ஒரு குரல் ஒலிக்கும்போது மற்றது மௌனம், மற்றது ஒலிக்கும்போது இது மௌனம். போன மாதம் என் அக்கா மகளும் நானும் 'இன் செகுலும்' ஹாக்கெட்டின் மேல் குரல்களைப் பாடிப் பார்த்தோம். அவள் ஆறு வருடம் வயலின் கற்றவள். டெனோரை ஃபோனில் பதிவுசெய்து ஓடவிட்டோம். தொடையில் தட்டிக்கொண்டே பாடினோம். பத்துப் பன்னிரண்டு தடவை விழுந்தோம். ஒருமுறை சேர்ந்தது. அவள் விட்ட இடத்தில் என் சுரம் போய் உட்கார்ந்தது, நான் மூச்செடுத்த இடத்தில் அவளுடையது. இருவரும் பாடாத ஒரு மூன்றாவது மெட்டு அந்த அறையில் ஓடியது. அதைக் கேட்டுத் திகைத்து நான் அடுத்த சுரத்தை விட்டுவிட்டேன்.

உங்கள் வகுப்புத் தோழி ஒருவரோடு உட்கார்ந்து பாடிப் பாருங்கள். அதற்குச் சாகித்யமே கிடையாது, ஆகவே டீச்சரும் மறுக்கமாட்டார். மூன்றெண்ணிக்கையில் தாளம் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த மோட்டெட்டுகளை இன்னொருமுறை கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்