ஆர்.ஓ. தண்ணீரை வீட்டுச் செடிகளுக்கு ஊற்றலாமா?

ஊற்றலாம். ஆனால் நீங்கள் கேட்பது குடிக்கப் பிடிக்கிற தண்ணீரையா, சின்னக் குழாய் வழியாக சிங்க்கில் வழிகிற வேஸ்ட் தண்ணீரையா என்று கேள்வியில் இல்லை. அடுக்ககம், போர் தண்ணீர், பால்கனியில் சில தொட்டிகள், பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளைப் படிவம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். சென்னை மேடவாக்கத்தில் என் கதை அதுதான்.

முதலில் வேஸ்ட் தண்ணீர். அதை விஷம் மாதிரிப் பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே போவது 1200 டி.டி.எஸ். (ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு, மில்லிகிராமில்) என்றால், 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3 லிட்டர் வெளியே தள்ளுகிற மெஷினில் வேஸ்ட் 1600-க்குப் பக்கத்தில் வரும். உள்ளே போன தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். பாசனத்துக்கு 450-க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை, 2000-ஐத் தாண்டினால் ஆபத்து என்பது உலக உணவு வேளாண் அமைப்பின் அளவுகோல். அதனால் 300 டி.டி.எஸ். மெட்ரோ வாட்டர் வருகிற வீட்டில் வேஸ்ட் தண்ணீரைத் தாராளமாகச் செடிக்கு விடலாம். 1600 என்றால் தென்னையும் பீட்ரூட்டும் தாங்கும், பீன்ஸ் தாங்காது. டி.டி.எஸ். மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிவிடுங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சல். எங்கள் அசோசியேஷன் போன வருடம் சாஃப்ட்னர் போட்டது. "இனிமே நம்ம பில்டிங்ல ஸ்வீட் வாட்டர் சார்" என்று செக்ரெட்டரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சோப்பு நுரைத்தது, ஷவர் அடைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கொஞ்ச நாளில் என் வெற்றிலைக் கொடியில் இலை ஓரம் மட்டும் காப்பிப் பொடி நிறத்தில் காய ஆரம்பித்தது. நடு இலை பச்சையாகத்தான் இருந்தது. செம்மண் தொட்டிகளில் மண் இறுகி, ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றது.

மீட்டரை வைத்துப் பார்த்தால் சாஃப்ட்னருக்கு முன்னும் 1200 சொச்சம், பின்னும் 1200 சொச்சம். இறங்கவே இல்லை. இறங்காது. சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. அதற்குத்தான் மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுகிறார்கள். துணிக்கு நல்லது, செடிக்குக் கேடு. அந்தத் தண்ணீர் ஆர்.ஓ.வுக்குள் போய் வரும் வேஸ்ட் அதைவிட மோசம். இதை மீட்டரோடு போய் செக்ரெட்டரியிடம் காட்டினால், "உங்க நாலு செடிக்காக மத்த வீட்டு ஷவரெல்லாம் அடைச்சுக்கணுமா சார்?" என்கிறார். அவருக்கு மொட்டை மாடியில் தொட்டி வைப்பதே பிடிக்காது. எங்கே ஒழுகினாலும் என் ரோஜாதான் காரணம்.

அதற்கப்புறம்தான் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரையே செடிக்கு ஊற்றுகிறேன். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு ஸ்பூன் ஜிப்சம் (கால்சியம் உள்ள தாதுப் பொடி) தூவி, அடி ஓட்டையில் தண்ணீர் ஓடும் வரை ஊற்றினேன். புதுத் துளிர் ஓரம் கருகாமல் வருகிறது. ஆந்தூரியத்துக்கும் ஆர்க்கிட்டுக்கும் எப்போதும் இதுதான். அவற்றுக்கு உப்பே ஆகாது.

ஒரே எச்சரிக்கை: ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் பெரும்பாலும் போய்விடும். மண்ணும் மண்புழு உரமும் உள்ள தொட்டியில் அது தெரியாது. வெறும் கோகோபீட்டில் தக்காளி போட்டால் காயின் அடிப்பக்கம் கருத்து அமுங்கும். அப்படி வளர்ப்பவர்கள் கால்சியம் நைட்ரேட்டும், மெக்னீசியத்துக்குக் கொஞ்சம் எப்சம் உப்பும் கொடுங்கள், அல்லது சாஃப்ட்னருக்குள் போகாத போர் தண்ணீரில் கால் பங்கு கலந்துகொள்ளுங்கள்.

"2019-ல் குடிக்கத் தண்ணியில்லாம குடத்தோட நின்ன ஊர்ல செடிக்கு ஆர்.ஓ.வா?" என்று கமென்ட் வரும், தெரியும். வேஸ்ட்டை நான் சாக்கடையில் விடுவதில்லை. வீடு துடைக்கவும் டாய்லெட்டுக்கும் போகிறது. மழைக்காலத்தில் ஆர்.ஓ.வைத் தொடுவதே இல்லை, மாடிக் குழாயடியில் டிரம் வைத்துப் பிடித்துவிடுவேன். தவிர, தென்சென்னையில் பல வீட்டுக் குழாயில் வருவதே நெம்மேலியில் கடல்நீரை ஆர்.ஓ. செய்து அனுப்புகிற தண்ணீர்தான். 2013-லிருந்து ஓடுகிறது. அதைச் செடிக்கு ஊற்றுகிறவர்களை யாரும் கேட்பதில்லை. "பாட்டி காலத்துல ஆர்.ஓ. இருந்துச்சா?" என்பவர்களுக்கு: பாட்டி காலத்தில் கிணறு இருபதடியில் இருந்தது. நான் வேளாண் பட்டதாரி இல்லை, தொட்டி வளர்க்கிறவன், அவ்வளவுதான்.

சாஃப்ட்னருக்கு முன்னாலேயே செடிக்கென்று ஒரு குழாய் எடுத்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொதுக்குழுவில் வைப்போம் என்றார்கள். போன பொதுக்குழு முழுக்க லிஃப்டுக்கு என்ன கலர் அடிப்பது என்பதிலேயே போனது. இன்னும் அடிக்கவில்லை.