எழுதப் பயப்படும் கல்லூரி மாணவர்கள்: கேள்வி பதில்

மேடம், பேசச் சொன்னால் அரைமணி நேரம் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வருவதில்லை. எழுதுவதும் அழிப்பதுமாகவே நேரம் போய்விடுகிறது. (முதலாமாண்டு மாணவி)

அழிப்பதில்தான் சிக்கல். பேசும்போது சொன்னதை அழிக்க வழியில்லை, அதனால் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறீர்கள். எழுதும்போதோ என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, இலக்கணம் சரியா, ஆசிரியர் என்ன நினைப்பார் என்று நாலு வேலையும் ஒன்றாக நடக்கின்றன. மனம் ஒரே சமயத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான். திருத்துகிற வேலை உள்ளே புகுந்தால், சொல்ல வந்தது நழுவிவிடும்.

ஆகவே வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். தலைப்பைக் கேள்வியாக மாற்றித் தாளின் மேலே எழுதுங்கள். ‘நகரமயமாதலின் விளைவுகள்’ என்றிருந்தால், ‘ஊர் பெருத்தால் யாருக்கு என்ன ஆகிறது?’ என்று வைத்துக்கொள்ளலாம். கடிகாரத்தில் 10 நிமிடம் வைத்துவிட்டுக் கை நிற்காமல் எழுதுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் ஒரு கோடு போட்டு மேலே போங்கள். ஒன்றுமே தோன்றாவிட்டால், ‘எனக்கு இதில் புரியாதது என்னவென்றால்’ என்று ஆரம்பியுங்கள். அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த வரியிலேயே தெரிந்துவிடும். கை நிற்காமல் எழுதும் இந்த முறையைப் பீட்டர் எல்போ என்ற எழுத்துப் பயிற்சி ஆசிரியர் 1970களில் பரவலாக்கினார்.

நடுவில் திரும்பிப் படித்தால் பயிற்சி கெட்டுவிடும். படிக்காமல் இருக்க முடியவில்லையா? கணினித் திரையின் வெளிச்சத்தை முழுவதும் குறைத்துவிட்டுத் தட்டுங்கள். நேரம் முடிந்த பிறகு வாசித்து, உருப்படியான இரண்டு மூன்று வரிகளுக்கு அடிக்கோடு போடுங்கள். மீதி எல்லாம் கழிவுதான், அவ்வளவு கழிவு வருவது இயல்பு.

இன்னொன்று, முன்னுரையில் தொடங்காதீர்கள். இன்னும் எழுதாத கட்டுரையை எப்படி அறிமுகப்படுத்துவது? நன்றாகத் தெரிந்த பத்தியை முதலில் எழுதுங்கள், முன்னுரை கடைசியில் வரட்டும்.

இந்தப் பயம் எனக்கு மட்டும்தானா?

இல்லை. இதை அளப்பதற்கென்றே ஜான் டேலி, மைக்கேல் மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் 26 கூற்றுகள் கொண்ட ஒரு வினாப்படிவத்தை உருவாக்கினார்கள். அத்தனை பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது. பயம் இருப்பவர்கள் எழுத்து வேலை வரும் இடங்களைத் தவிர்ப்பார்கள், தவிர்ப்பதால் பழக்கம் குறையும், குறைந்த பழக்கத்தால் அடுத்த முறை பயம் கூடும். இந்தச் சுழலை மதிப்பெண் இல்லாத சின்னச் சின்ன எழுத்துப் பயிற்சிகளால் உடைக்கலாம். வகுப்பு முடிந்ததும் அன்று புரிந்ததை ஐந்து வரியில் எழுதி வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

எழுதும் முன் திட்டம் போடு என்கிறார்கள். திட்டம் போட்டே இரண்டு நாள் போய்விடுகிறது சார், கட்டுரை வரவில்லை.

(சார் இல்லை, மேடம். பரவாயில்லை.) 1980-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக மைக் ரோஸ் என்பவர் பத்து கல்லூரி மாணவர்களைப் பேட்டி கண்டார். எழுத்து தடைப்பட்டவர்களிடம் அவர் பார்த்தது இறுகிய விதிகளை. முதல் பத்தியே வாசகரை இழுக்க வேண்டும், திட்டம் முழுமையாக இருக்க வேண்டும் என்பது போன்றவை. தடையில்லாமல் எழுதியவர்களிடமும் விதிகள் இருந்தன, ஆனால் உதவாதபோது அவற்றைத் தள்ளி வைத்தார்கள்.

உங்கள் திட்டத்துக்கு ஒரு பக்கமும் 20 நிமிடமும் போதும். 1,500 சொல் கட்டுரைக்கு ஐந்து அல்லது ஆறு கேள்விகளை எழுதுங்கள். ஐந்து என்றால் ஒவ்வொன்றுக்கும் 250, ஆறு என்றால் 200 சொல்லில் பதில், முன்னுரைக்கும் முடிவுரைக்கும் மீதி. ‘காரணங்கள்’, ‘விளைவுகள்’ என்று தலைப்புகளாகப் போட்டால் மறுபடி நின்றுவிடுவீர்கள். கேள்வியைப் பார்த்தால் வாய் தானாகப் பதில் சொல்லும், தலைப்பைப் பார்த்தால் சொல்லாது. எழுதும்போது திட்டம் மாறினால் மாறட்டும். முடித்த பிறகு ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதை ஐந்தாறு சொல்லில் குறியுங்கள். வரிசை எங்கே பிசகியது, எந்த இரண்டு பத்தி ஒன்றையே சொல்கின்றன என்பது அந்த ஓரக்குறிப்பில் பளிச்சென்று தெரியும்.

அக்கா, யோசிப்பது ஒரு மொழி, பாட மொழி வேறு. வாக்கியம் தப்பாகிவிடும் என்ற பயத்திலேயே எழுதுவதில்லை.

முதல் வரைவைக் கலந்த மொழியிலேயே எழுதுங்கள். பேச்சு நடையோ பாதி வாக்கியமோ, எதுவும் ஆகும். கருத்து தாளில் இறங்கிய பிறகு பாட மொழிக்கு மாற்றுங்கள், அப்போது ஒரு வேலைதான் மிச்சம். மாற்றும்போது சொல்லுக்குச் சொல் போகாமல், ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து என்று உடைத்துக்கொள்ளுங்கள். பிழைகள் தாறுமாறாக வருவதில்லை, ஒருவருக்குப் பெரும்பாலும் நாலைந்து வகைதான் திரும்பத் திரும்ப வரும். திருத்தி வந்த பழைய தாள்கள் மூன்றை எடுத்து உங்களுடைய வகைகளைக் கண்டுபிடியுங்கள். கடைசி வாசிப்பில் அவற்றை மட்டும், ஒரு சுற்றுக்கு ஒரு வகையாகத் தேடுங்கள்.

தேர்வு அறையில் படித்ததெல்லாம் மறந்து கை நின்றுவிடுகிறது.

மூன்று மணி நேரம், 100 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். 180 நிமிடத்தில் வாசிக்க 15, சரிபார்க்க 15 போனால் மிச்சம் 150. மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம், அதாவது 10 மதிப்பெண் கேள்விக்கு 15 நிமிடம். அதில் முதல் 2 நிமிடம் விடைத்தாளின் ஓரத்தில் சொற்களாகக் கொட்டுங்கள், வாக்கியம் வேண்டாம். கை நின்றால் அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். வேறொன்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே விட்டது நினைவுக்கு வருவதுண்டு. வீட்டில் பழக, பழைய வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியை எடுத்து, புத்தகத்தை மூடி, கடிகாரம் வைத்துக் கையால் எழுதுங்கள். வாசித்து மட்டுமே தயாராகிறவர்களுக்குத்தான் அறையில் அதிகம் கை நிற்கும். அடையாளம் கண்டுகொள்வது வேறு, நினைவிலிருந்து எடுப்பது வேறு.

கைடு என் புராஜெக்ட் அறிக்கையைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பிவிட்டார். திறக்கவே மனமில்லை.

இன்று வாசித்து மட்டும் முடியுங்கள், திருத்தம் நாளைக்கு. நாளை ஒவ்வொரு குறிப்புக்கும் எண் போட்டு மூன்றாகப் பிரியுங்கள்: கருத்து, அமைப்பு, மொழி. முதலில் கருத்து. ஏனென்றால் கருத்து மாறினால் பத்தியே போகும், போகிற பத்தியில் ஒற்றுப்பிழை திருத்தி என்ன பயன்? பெரும்பாலானோர் சுலபம் என்று மொழியில் தொடங்குவார்கள், இரண்டு முறை உழைப்பார்கள். புரியாத குறிப்புகளைத் தனியாக எடுத்து, ‘7-ஆவது குறிப்பில் சான்று போதவில்லை என்கிறீர்களா, சான்று தவறு என்கிறீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். அடுத்த முறை முழு அறிக்கையையும் ஒரேயடியாக நீட்டாதீர்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் கொடுத்து, ‘வாதம் புரிகிறதா, எங்கே விட்டுப்போகிறது?’ என்று இரண்டு கேள்வியும் சேர்த்துக் கொடுங்கள். அதற்குத்தான் பதில் வரும்.

அசைன்மென்ட்டை ஏஐ செயலியை எழுதச் சொல்லிவிட்டு நான் திருத்தினால் பயம் போகாதா?

போகாது. நீங்கள் பயப்படுகிற கட்டம் முதல் வரைவு, அதைத்தான் கைமாற்றிவிடுகிறீர்கள். கல்லூரி விதியையும் முதலில் பாருங்கள், பல இடங்களில் அப்படிக் கொடுப்பது காப்பியடிப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். தவிர, உலகில் இல்லவே இல்லாத நூலையும் கட்டுரையையும் அந்தச் செயலி மேற்கோளாகத் தரக்கூடும். விதி அனுமதித்தால், உங்கள் வரைவைக் கொடுத்து, ‘இதை வாசிப்பவர் எழுப்பக்கூடிய ஐந்து சந்தேகங்கள் என்ன?’ என்று கேளுங்கள். பதிலை நீங்களே எழுதுங்கள்.

கடைசி இரவு வரை தள்ளிப்போடுகிறேன்.

‘கட்டுரை எழுத வேண்டும்’ என்பது ஒரு வேலையே இல்லை, அதனால்தான் அதைத் தள்ளிப்போட முடிகிறது. ஏழு நாள் இருந்தால்: முதல் நாள் கேள்விப் பட்டியல், அடுத்த இரண்டு நாள் வாசிப்பும் குறிப்பும் (பக்க எண்ணோடு, இல்லையேல் கடைசி நாள் அதைத் தேடியே போகும்), 4, 5-ஆம் நாள் வரைவு, ஆறாம் நாள் அமைப்பு, ஏழாம் நாள் மொழி. ஒரு நாளைக்கு 25 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வு. நிறுத்தும்போது பத்தியை முடித்துவிட்டு எழாமல், அடுத்த வாக்கியம் என்ன என்பதை அரைகுறையாகக் குறித்துவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் தொடங்குவது எளிதாகும்.

பேனாவா, கணினியா?

அழிக்கும் பழக்கம் உள்ளவர்கள் முதல் வரைவுக்குப் பேனா. மற்றவர்கள் எதுவும்.

எழுத உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கமும் போய்விட்டது. பயிற்சி போதுமா மேடம்?

போதாது. கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள், பயிற்சி அதோடு சேர்ந்து நடக்கட்டும். சின்ன வயதிலிருந்தே எழுத்துக்கூட்டலும் வாசிப்பும் மற்றவர்களைவிட மிக மெதுவாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது கற்றல் குறைபாடாக இருந்தால் பரிசோதித்துச் சான்று வாங்கலாம், பல கல்வி நிறுவனங்கள் தேர்வில் கூடுதல் நேரம் தருகின்றன. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இருக்கும், பருவத் தொடக்கத்திலேயே அலுவலகத்தில் விசாரியுங்கள்.