மகன் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்கிற அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்ததால் நேற்று நாம் பாதிப் பேச்சில் எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று. மீதியை எழுதிவிடுகிறேன்.

உங்கள் மகன் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட்டால் சம்பளத்துக்குக் கவலையில்லை என்று அவன் மாமா சொல்லியிருக்கிறார். அதற்கான சான்றிதழ்ப் பயிற்சிக்கு ஒரு நிலையம் 80,000 ரூபாய் கேட்கிறது. வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், அம்மா. வளையல் கையிலேயே இருக்கட்டும்.

இது கட்டட வேலையா, கட்டடக்கலைக்கான நாட்டா நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா என்று உங்கள் கணவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். கட்டட ஆர்க்கிடெக்ட் ஆவதற்கு ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பு இருக்கிறது, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் இருக்கிறது. கம்பெனியின் கணினி அமைப்பை வகுக்கும் இந்த வேலைக்கு அப்படிப்பட்ட பதிவு கிடையாது. பல ஆண்டு அனுபவம் பெற்றவரைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள்.

என்ன வேலை என்பதை உங்கள் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன். வில்லிவாக்கத்திலிருந்து மேடவாக்கத்துக்குக் குடிபோனதும் வங்கியில் முகவரியை மாற்றினீர்கள். பாஸ்புக்கில் புது முகவரி வந்துவிட்டது; நகைக்கடன் கடிதம் மட்டும் இன்னும் பழைய வீட்டுக்குப் போகிறது. சேமிப்புக் கணக்குக்கு ஒரு மென்பொருள், கடனுக்கு இன்னொன்று, கார்டுக்கு வேறொன்று என்று வெவ்வேறு காலத்தில் வாங்கியிருப்பார்கள். ஒன்றில் உங்கள் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கும். இன்னொன்று குடும்பப் பெயர் கேட்டதால் கணவர் பெயர் அந்த இடத்தில் ஏறியிருக்கும். இரண்டும் நீங்கள்தான் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்?

அவசரத்துக்கு ஒருவர், இதிலிருந்து அதற்கு முகவரியை நகல் எடுக்க ஒரு சின்ன நிரல் எழுதுவார். அடுத்த ஆண்டு நான்காவது மென்பொருள் வரும், அதற்கும் ஒரு நிரல். பத்தாண்டு போனால் எதைத் தொட்டால் எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் அங்கேதான் வருகிறார். வாடிக்கையாளரின் முகவரி எந்தத் துறையின் பொறுப்பு? எந்த ஒரு மென்பொருள் அதை மாற்றலாம், மற்றவை எங்கிருந்து அதைப் பெற வேண்டும்? எந்தப் பழைய மென்பொருளை எந்த ஆண்டு நிறுத்துவது, செலவை யார் ஏற்பது? இவற்றுக்கு வரைபடம் போட்டு, கடன் பிரிவு மேலாளரையும் சேமிப்புப் பிரிவு மேலாளரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சம்மதிக்கச் செய்ய வேண்டும். நிரல் எழுதுவது குறைவு. கேட்பது, பேசுவது, எழுதுவது அதிகம். ஒரு நிறுவனத்தில் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அப்படித்தான் அதன் கணினி அமைப்பும் அமையும் என்ற பொருளில் மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968இலேயே எழுதினார். பேசிக்கொள்ளாத இரண்டு துறைகளின் மென்பொருள்களும் பேசிக்கொள்வதில்லை.

இந்தத் துறைக்கு முறையான சட்டகம் தந்தவர் ஐபிஎம்மில் இருந்த ஜான் சாக்மன். அவருடைய கட்டுரை 1987இல் வந்தது. பயிற்சி நிலையம் சொல்லும் டோகாஃப் என்பது இந்த வேலையைச் செய்வதற்கான ஒரு வழிமுறை; அதன் முதல் பதிப்பு 1995இல் வந்தது, ஓப்பன் குரூப் என்ற அமைப்பு அதை வெளியிட்டு வருகிறது. பத்தாம் பதிப்பு 2022இல் வந்தது. அது நல்ல முறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் அடிப்படைத் தேர்வை எழுத முன் அனுபவம் கேட்பதில்லை என்பதும் உண்மை. உங்கள் மகன் தேறியும்விடுவான். என் கவலை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது.

என்னிடம் வந்த ஒரு பையன் கல்லூரி இறுதியாண்டிலேயே அந்தச் சான்றிதழை வாங்கினான். தரமணியில் ஒரு நேர்முகத்தேர்வில், "இதுவரை எந்தப் பழைய மென்பொருளை நிறுத்தியிருக்கிறீர்கள், அன்று யார் எதிர்த்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். 22 வயதுப் பையன் என்ன சொல்வான்? என் மேசைக்கு எதிரே வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். இப்போது ஒரு வங்கிக்கான சப்போர்ட் பிரிவில் இரவுப் பணி பார்க்கிறான். எது எங்கே உடைகிறது என்பதை அங்கே தினமும் பார்க்கிறான். அந்தச் சான்றிதழ் தராத படிப்பு அது.

நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் டெவலப்பராகவோ சப்போர்ட்டிலோ தொடங்கி, டெக் லீட் (குழுவின் தொழில்நுட்பத் தலைவர்), சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட் (ஒரு திட்டத்தின் அமைப்பை வகுப்பவர்) என்று ஏறி, 12 முதல் 15 ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்தவர்கள். வந்த பிறகும் எளிதல்ல. பலன் தெரிய ஆண்டுகள் ஆகும்; செலவைக் குறைக்கும்போது இந்தக் குழுவின் மீதும் கை வைப்பார்கள்.

இப்போதைக்கு அவன் தரவுத்தளத்தையும் நெட்வொர்க்கையும் ஆழமாகப் படிக்கட்டும். ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்கள் இலவசம். வரவு, பற்று, இருப்பு எல்லாம் தெரிகிற அளவுக்குக் கணக்குப்பதிவும் படிக்கட்டும். கணினி மாணவர்கள் இதை ஒதுக்குவது எனக்கு மிகவும் வருத்தம். வங்கி, கார் தொழிற்சாலை, துறைமுகச் சரக்கு என்று சென்னையில் தொழில்களுக்குப் பஞ்சமில்லை. வேலைக்குப் போனதும் அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் நெளிவுசுளிவு தெரியும்வரை விடக்கூடாது. ஆங்கிலம் வராது என்று பயப்படுகிறான் என்றீர்கள். முதலில் ஒரு சிக்கலைத் தமிழில் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிப் பழகட்டும். எண்ணம் தெளிந்துவிட்டால் ஆங்கிலத்தைப் பயிற்சியில் பிடித்துவிடலாம்.

ஒரு வீட்டுப்பாடமும் தருகிறேன். உங்கள் கணவர் மாதவரத்தில் லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார் அல்லவா? ஒரு நாள் முழுக்க மகன் அவர் பக்கத்தில் உட்காரட்டும். சரக்கு அனுப்புகிறவரின் பெயரை புக்கிங் நோட்டில் ஒருமுறை, லாரி ரசீதில் ஒருமுறை, இ-வே பில்லில் ஒருமுறை, பில் போடும் கணினியில் ஒருமுறை எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். எத்தனை முறை எழுதுகிறார்கள், எங்கே எழுத்து மாறுகிறது, மாறினால் யாருக்குப் பணம் நிற்கிறது என்று கேட்டு ஒரு சார்ட் தாளில் வரையட்டும். அப்பாவிடமே கேட்கச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டு அனுபவத்தில் அவருக்குத் தெரிந்தது எந்தப் பயிற்சி நிலையத்திலும் கிடைக்காது.

அந்தத் தாளோடு அடுத்த சனிக்கிழமை மாலை அவனை அழைத்து வாருங்கள். அப்பாவுக்கும் விடுமுறை கிடைத்தால் மூவருமே வாருங்கள். அன்று வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.